அபாத்திரம்

முதல் பெஞ்சுக்காரர்கள் எழுந்தபோதே எப்சிபாவுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அவள் பெஞ்சு வர இன்னும் நேரம் கிடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை, கோயில் நிறைந்திருக்கிறது. பெண்கள் பக்கம் முன்னாலிருந்து ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக் கிராதியில் வரிசையாக முழங்கால் போட்டு, அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டு, போன வழியே வராமல் சுவரோரமாகச் சுற்றித் திரும்ப வேண்டும். பிறந்ததிலிருந்து பார்க்கிற காரியம். இன்றைக்கு அவள் செய்ய வேண்டியதெல்லாம் எழுந்திருக்காமல் இருப்பது, அவ்வளவுதான். உட்கார்ந்திருப்பதில் என்ன கஷ்டம், ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்துதானே இருக்கிறாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டது அவளுக்கே பிடிக்கவில்லை. பின்னால் உட்கார்ந்துகொள் என்று ஐயர் சொல்லியிருந்தார். குருவானவரை அந்த ஊரில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அம்மா யோவன்னாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே வழக்கமான பெஞ்சுக்கு நடந்து உள்ளே நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நுழைந்துவிட, பின்னால் வந்தவளுக்கு ஓரத்து இடம்தான் கிடைத்தது, நடைபாதை ஓரம், பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் அவள் முழங்காலைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். பின்பெஞ்சில் இருந்திருந்தால் தூண் மறைத்திருக்கும். தூண் மறைத்தால் மட்டும் யாருக்கு மறையும், என்று ஒரு நினைப்பு வந்தது. அதை மேலே ஓடவிடாமல் காற்றாடியைப் பார்த்தாள். காற்றாடி டக் டக்கென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

நேற்று சாயங்காலம் தெருமுனையில் காபிரியேல் ஐயர் பைக்கை நிறுத்தி, அணைக்காமல், அந்தச் சத்தத்துக்குள்ளேயே பேசினார். "நாளைக்கு ஆராதனைக்கு வா. பந்திக்கு மட்டும் வராத. திங்கக்கெழம அந்த ஆர்.ஐ. எங்கிட்ட விசாரிக்க வாரேன்னு போன் பண்ணிருக்காரு. ஒன் சர்டிபிகேட்டுப் பேரச் சொல்லி, முத்துச்செல்வின்னு ஒரு பிள்ள ஒங்க கோயில்ல உண்டான்னு கேப்பாரு. அந்தப் பேர்ல யாரும் கெடையாது, அது ஒண்ணும் பொய் இல்ல. ஆளைக் காட்டிக் கேட்டாருன்னா, இந்தப் பிள்ள எங்கிட்ட திருவிருந்து வாங்குறதில்லைன்னு சொல்லிருவேன். போன மாசம் நீ காய்ச்சல்ல கெடந்த, வரல. இந்த மாசமும் வரலைன்னா வாங்குறதில்லன்னு சொல்லலாம்லா? பொய் ஆகாது, பாத்துக்கோ." சொல்லிவிட்டு அவர் சிரித்தார், கணக்கு வாத்தியார் விடையை வேறு வழியாக வரவழைத்துக் காட்டுவதுபோல. நல்ல மனுஷன். அப்பா சாகக் கிடந்தபோது ராத்திரியெல்லாம் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவர். "சரிங்கய்யா" என்றாள் அவள். "நன்றிங்கய்யா" என்றும் சொன்னாள். பைக் போன பிறகும் அந்த நன்றி வாயிலேயே கிடந்தது, கசந்த வெள்ளரிக்காயைக் கடித்த மாதிரி. ஆண்டவரிடம் எழுந்து போகாதே என்று ஒருவர் சொல்ல, அதற்கு நன்றி. இரண்டாவது பெஞ்சு எழுந்தது. வெள்ளைச் சேலைகள், தேங்காய் எண்ணெய் வாசம், ஒரு கைக்குழந்தை சிணுங்கல். புதன்கிழமை வீட்டுக்கு விசாரிக்க வந்த ஆர்.ஐ., அந்த வருவாய் ஆய்வாளர்கூட நல்ல மனுஷன்தான். அதுதான் கொடுமை, யாரையாவது திட்டலாம் என்றால் எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் அம்மா தானாகவே சுவரிலிருந்த வசனக் காலண்டரைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. ஆர்.ஐ. டீ குடித்தார், நல்லாருக்கும்மா என்றார், டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "யாரோ மனு போட்டிருக்காங்க. நீங்க கிறிஸ்டியன், எஸ்.சி.ன்னு சர்டிபிகேட் வச்சு வேல வாங்கிருக்கீங்கன்னு. நீங்க சர்ச்சுக்குப் போறது உண்டாம்மா?" "இல்ல சார்." அதோடு விட்டிருக்கலாம். அவர் அதற்கு மேல் கேட்கவே இல்லை. அவளாகத்தான் சொன்னாள். "எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல சார்."

சம்பந்தம் இல்லை. தெருவில் குரைக்கிற நாயைப் பற்றி அப்படிச் சொல்லலாம். பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றிச் சொல்லலாம். சம்பந்தமே. அந்த ஏகாரம் எங்கிருந்து வந்தது? இல்லை என்று சொன்னது வயிற்றுக்காக என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஏகாரத்தை யார் கேட்டார்கள்? நாலு நாளாகக் குளிக்கும்போது, பஸ்ஸில், ஆபீசில் முத்திரை குத்தும்போது, அது மட்டும் தனியாக வந்து நிற்கிறது. மே. ஆடு கத்துகிற மாதிரி. அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்கும்மா?" என்று ஆர்.ஐ. திரும்ப, அம்மா, "நான் கெழவி சார், நான் எங்க போனா கவர்மெண்டுக்கு என்ன" என்றாள். அவர் சிரித்துவிட்டார். அவர் போன பிறகு அம்மா டிரம்மைத் திறந்து காலண்டரை எடுத்து, அரிசிமாவைச் சேலையால் துடைத்து, ஆணியில் மாட்டி, அன்றைய தாளைக் கிழிக்காமல் விட்டாள். "சோறு போடட்டா?" என்றாள். திட்டியிருக்கலாம். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மூன்றாவது பெஞ்சு திரும்பி வந்துகொண்டிருந்தது, வாயை அசைக்காமல், அப்பம் மேல்வாயில் ஒட்டிக் கரைகிற அந்த மௌனத்தோடு.

ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் வந்த கதை அப்பா அடிக்கடி சொல்லும் கதை. ஞானஸ்நானத்தில் எப்சிபா. இவளிடத்தில் எனக்குப் பிரியம் என்று அதற்கு அர்த்தம், ஆண்டவர் சொல்வதாக. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பெரிய வாத்தியார் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "எலே, வேதக்காரப் பேரக் குடுத்தா ஒனக்கு உள்ள சலுகை போயிரும், இந்துன்னு போடு, பிள்ள படிச்சு முன்னுக்கு வரட்டும்" என்றாராம். அப்பா அங்கே நின்ற நிலையில், சுவரில் தொங்கின ஏதோ ஒரு படத்துக்குக் கீழே போட்டிருந்த பெயரைப் பார்த்து முத்துச்செல்வி என்று சொன்னாராம். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, "அது பேப்பருக்கு, இது ஆண்டவருக்கு" என்றார். அப்போது அது ரொம்ப எளிதாக இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாவாடை, கோயிலுக்கு ஒரு பாவாடை மாதிரி. காலனிக்காரன் வேதத்துக்கு, கிறிஸ்தவத்துக்கு, வந்துவிட்டால் அவனுக்குத் தாழ்வு போய்விட்டது என்று சட்டம் நினைக்கிறது. போய்விட்டதா என்று இந்தக் கோயிலிலேயே கேட்டிருக்கலாம். தாத்தா காலத்தில் இதே கிராதியில் காலனி ஆட்கள் கடைசிப் பந்தி. எல்லாரும் குடித்த பிறகுதான் பாத்திரம் அவர்களுக்கு. அவர்களுக்குப் பிறகு யாரும் குடிக்க மாட்டார்கள், மீதியை ஐயரே குடித்து முடிப்பார். பேரில் தொடங்கி எல்லாம் மாறினது என்று சர்க்கார் சொல்லுகிறது, எதுவும் மாறவில்லை என்று ஊர் சொல்லுகிறது, இரண்டுக்கும் நடுவே அவள் பஸ் ஏறியதும் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொள்வாள், சாயங்காலம் ஊரில் இறங்கும்போது எடுத்துவிடுவாள். வருஷக்கணக்கில் அந்தப் பசை தின்று நெற்றி நடுவில் வட்டமாக ஒரு வெளுப்பு விழுந்துவிட்டது. கோயிலுக்கு வரும்போது பவுடர் போட்டு மூடுவாள். இப்போது வேர்க்கிற வேர்வைக்குப் பவுடர் நின்றிருக்காது. பொட்டு இருந்தால் தெரியாது, பொட்டு இல்லாதபோதுதான் அது தெரிகிறது. முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆபீசில் அவளைச் செல்வி என்பார்கள். செல்வி மேடம், ஆயுத பூஜைக்குப் பொரி பிரிச்சுக் குடுங்க. கொடுப்பாள். அதில் ஒன்றும் அவளுக்கு வெட்கம் இல்லை, பொரி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எப்சிபா என்று யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கடைத்தெருவில் திரும்பமாட்டாள். அந்தப் பேரைக் கேட்கிற காது எப்போது அடைத்தது என்று அவளுக்கே தெரியாது. ஆண்டவர் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்? கூப்பிட்டு, இவள் திரும்பாமல் போன நாள் எதுவும் உண்டா?

ஐயர் அந்த எச்சரிப்பை ஆரம்பத்திலேயே வாசித்துவிட்டார், ஒவ்வொரு முறையும் வாசிப்பதுதான், யாரும் அபாத்திரமாய் இந்தப் பந்தியில் சேரக் கூடாது என்று. தகுதியில்லாமல் என்பதுதான் அதன் அர்த்தம். சின்ன வயதில் அவளுக்கு அது தெரியாது. பாத்திரம் என்றால் அடுக்களையில் இருக்கிற பாத்திரம், அபாத்திரம் என்றால் பாத்திரம் இல்லாமல் சாப்பிடுவது. அப்பா சொல்கிற கதைகளில் பாத்திரம் இல்லாமல் சாப்பிடுகிறவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான், அவர்கள்தான். பண்ணை வீட்டுக் களத்தில் கஞ்சி ஊற்றத் தேங்காய்ச் சிரட்டை, டீக்கடையில் சிரட்டை, சிரட்டையைக் கழுவி வேலியில் சொருகிவிட்டு வர வேண்டும். அதனால் ஐயர் அபாத்திரம் என்று வாசிக்கும்போதெல்லாம் தங்களைத்தான் சொல்லுகிறார், எல்லார் முன்னாலும் சொல்லுகிறார் என்று அவளுக்குக் காது சூடாகிவிடும். ஒருநாள் வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளரைப் பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள். "எம்மா, இத எடுத்துட்டுப் போ, ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாவ." அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோயிலென்றும் பாராமல் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடியும்போது கண்ணைத் துடைத்தாள். "ஆண்டவரு பாத்திரம் பாக்க மாட்டாரு, ஆளைத்தான் பாப்பாரு" என்றாள். அது ஆறுதலாக இருந்தது அப்போது. இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆளைத்தான் பார்ப்பார். சொல்லப்போனால் ஐயர் கேட்டுக்கொண்டதும் இதுவும் ஒன்றாகத்தானே வருகிறது. சம்பந்தமே இல்லை என்று சொன்ன வாயோடு போய் வாங்கினால் அபாத்திரம், போகாமல் இருப்பதுதானே மரியாதை? ஆண்டவருக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறேன், வேலைக்குப் பயந்து இல்லை. அப்படி வைத்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் அந்த நினைப்பில் நிழலில் நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு அதுவும் நகர்ந்தது. பொய்யைக்கூட இவ்வளவு பக்தியாகச் சொல்ல எப்போது படித்தாய், செல்வி?

அவளுக்கு முன்னால் இருந்த பெஞ்சு எழுந்தது. பிறகு, சுதாரிப்பதற்குள், அவளுடைய பெஞ்சு. மரம் கிரீச்சென்றது, எல்லாருடைய பாரமும் ஒரே நேரத்தில் இறங்கியதும் பெஞ்சு லேசாக மேலே வந்து அவள் மட்டும் அதில் தனியாகக் கனத்தாள். முழங்காலை ஒரு பக்கமாகத் திருப்பி வழிவிட்டாள். பக்கத்தில் இருந்த குணபாய் அத்தை, உறவு இல்லை, கோயிலில் எல்லாருக்கும் அத்தை, பாதி எழுந்தபடி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏளா, வரலியா?" எப்சிபா தலையை ஆட்டினாள். அத்தை இன்னும் குனிந்தாள், தைல வாசம். "ஒதுக்கமா?" அந்தப் பக்கத்துப் பெரிய பெண்கள் மாதவிலக்கில் பந்திக்குப் போக மாட்டார்கள், எந்த ஐயரும் தடுத்ததில்லை, அவர்களாகவே வைத்துக்கொண்ட முறை. எப்சிபா, "ஆமாத்த" என்றாள். எவ்வளவு லேசாக வந்தது! யோசிக்கவே இல்லை. "அதுக்கென்ன, இரு இரு" என்று அத்தை அவள் தோளைத் தட்டிக்கொடுத்துத் தாண்டிப் போனாள். அந்தத் தட்டல் தோளில் அப்படியே இருந்தது, நாலு விரலும் தனித்தனியாக. சர்க்காருக்கு ஒரு பொய், அத்தைக்கு ஒரு பொய், தன் உடம்பையே சாட்சிக்கு இழுத்தாயிற்று, இனி எதை இழுப்பாய்? அடுத்து அம்மா. அம்மா எல்லாவற்றையும் கேட்டிருப்பாள், ஒரு முழம் தள்ளித்தான் இருந்தாள். ஒதுக்கம் இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும், ஒரே வீடு, ஒரே குளியலறை. அவள் ஏதாவது சொல்வாள் என்று எப்சிபா காத்திருந்தாள். அம்மா அவள் முழங்காலில் கையூன்றி, மூட்டு வலிக்காரி, மெதுவாகத் தாண்டினாள். ஊன்றிய கையை எடுப்பதற்கு முன்னால் ஒரு அழுத்து அழுத்தினாள். இரு என்றா? எழும்பு என்றா? வெறும் மூட்டு வலியா? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அம்மா போய்விட்டாள்.

காலியான பெஞ்சில் ஓரமாக ஒருத்தி. கோயிலே தன்னைப் பார்க்கிறது என்று தோன்றியது, யாரும் பார்க்கவில்லை என்றும் தெரிந்தது, பார்க்காததுதான் அதிகம் சுட்டது. அம்மா கிராதியில் முழங்கால் போட்டிருந்தாள். பின்னாலிருந்து பார்க்கும்போது அவளுடைய இரண்டு உள்ளங்காலும் தெரிந்தன, வெடித்து, வெடிப்பில் மண் ஏறி, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்போடு. அந்தக் கால்தான் நாற்று நட்டது, அந்தக் கால்தான் அவளைப் படிக்க வைத்தது. இவள் வாங்குகிற சம்பளத்தை நாளைக்கு ஒருத்தன் நிறுத்திவிட்டால் அந்தக் கால் மறுபடி வயலில் இறங்கும், இந்த வயதில். ஆகவே உட்கார்ந்திரு. அம்மாவுக்காக உட்கார்ந்திரு. பார், எவ்வளவு நல்ல காரணம். நல்ல காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. அம்மாவின் கையில் அப்பம் விழுவதை அவள் பார்த்தாள். அம்மா எழுந்து, சுவரோரமாகச் சுற்றி, மறுபக்கம் வழியாகப் பெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தாள். இந்தமுறை தாண்ட வேண்டியிருக்கவில்லை. இருவருக்கும் நடுவில் முன்பே வந்துவிட்ட குணபாய் அத்தை இருக்க, அம்மாவின் முகம் மறைந்துவிட்டது. பின்பெஞ்சுகள் போயின, ஆண்கள் போனார்கள். முடிந்துவிட்டது. நாளைக்கு ஐயர் சொல்லப்போகிற வாக்கியம் உண்மையாகிவிட்டது. மூச்சை விட்டாள். விட்ட மூச்சில் ஒரு நிம்மதி கலந்திருந்தது. அதைக் கண்டதும், இதுவரை பட்டதெல்லாம் வெட்கமே இல்லை, இனிமேல்தான் என்று தெரிந்தது.

எல்லாரும் வாங்கி முடித்த பிறகு நடக்க முடியாத கிழவர்களுக்கு ஐயர் பெஞ்சுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். தட்டை ஏந்திக்கொண்டு அவர் கிராதிக்கு முன்னால் வந்து நின்றார். "இன்னும் யாராவது உண்டா?" என்றார். ஒவ்வொரு மாதமும் கேட்கிற கேள்வி. பெஞ்சுகளை ஓரமாகப் பார்த்துக்கொண்டே வந்த அவர் கண் இவளிடம் வந்து நின்று, உடனே தட்டுக்குள் விழுந்தது. தட்டில் ஒன்றும் தேடுவதற்கு இல்லை. ஆனால் அவர் தேடினார், ஒரு அப்பத்தை விரலால் நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார், காதோரம் சிவந்திருந்தது. அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய மனுஷன் அவளைப் பார்க்க வெட்கப்பட்டார். அவளுக்காகப் பொய்யை அளந்து வெட்டித் தைத்து வைத்திருக்கிறவர், அதைப் போட்டுப் பார்க்கிற நேரத்தில் கூசுகிறார். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தன் வெட்கத்தை நாலு நாளாகத் தூக்கிக்கொண்டு திரிந்தாயிற்று, அது பழகிவிட்டது. இன்னொருவர் தனக்காகக் கூசுவதை உட்கார்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. விசுவாசம் என்று சொல்ல முடியாது, தைரியம் என்றும் சொல்ல முடியாது. அந்தத் தலை நிமிர வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. முழங்கால் எழும்பிவிட்டது. குணபாய் அத்தை சட்டென்று சேலையைப் பிடித்தாள். "ஏளா! இந்த நேரத்துல போகப் பிடாது, பாவம்லா!" அட, அந்தப் பொய் இன்னும் உயிரோடு இருக்கிறது. சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டு சேலையை உருவினாள். நடைபாதையில் அத்தையின் முணுமுணுப்பு பின்னாலேயே வந்தது. அடுத்த பெஞ்சில் யாரோ என்ன என்ன என்று கேட்டார்கள். இனி ஊர் முழுக்க இதுதான் பேச்சு, தீட்டோடு பந்திக்குப் போனவள். நாளை ஆர்.ஐ. தெருவில் யாரைக் கேட்டாலும், ஆமாம் சார், போனாளே, அதுவும் எந்த நிலையில் போனாள் தெரியுமா, என்பார்கள்.

கிராதியில் அவள் மட்டும் முழங்கால் போட்டாள். மரம் இன்னும் பிறர் கைச்சூட்டில் இருந்தது. வலது கையை இடது கைமேல் வைத்து நீட்டினாள். ஐயர் அருகில் வந்து குனிந்து, உதடு அசையாமல் கேட்டார். "எப்சிபா, யோசிச்சியா? நாளைக்கு நான் என்னத்தச் சொல்ல?" உள்ளதைச் சொல்லுங்கய்யா என்று சொல்லலாம். அழகாக இருக்கும். அப்பா உயிரோடு இருந்தால் அதைக் கதையாக்கித் தெருத்தெருவாகச் சொல்லுவார். ஆனால் அவள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சமும் வரவில்லை, சமாதானமும் வரவில்லை, வேலை போனால் என்ன செய்வது என்ற கேள்விதான் வந்தது, வந்து அவளோடேயே முழங்கால் போட்டுக்கொண்டது. ஐயர் காத்திருந்தார். கையை எடுத்துவிடலாம், தலையைக் குனிந்து எழும்பிச் சுவரோரமாகப் போய்விடலாம், தலைசுற்றல் என்றால் நம்பிவிடுவார்கள், அதற்கும் ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் நீட்டின கை. பசியில் நீட்டினதுபோல, அத்தனை பேர் பார்க்க, அப்பட்டமாக நீட்டின கை. அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒரு வெட்கத்தைப் பிடித்துக்கொண்டு அவள் கையை எடுக்காமல் இருந்தாள்.